போ என்றாலும் போகாத ஃபோல்டர்கள்

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, மேற்கே சித்தூர், அப்புறம் பாலக்காடு. என் மேஜைக்கு வரும் பென்டிரைவ்கள் இரண்டு பக்கமும் புழங்கியவை. கேரளப் பள்ளிக்கூடங்களில் இருப்பது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு இயங்குதளம். 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017-ல் கைட் என்று பெயர் மாறிய அரசு அமைப்பு அதைப் பள்ளிகளுக்குத் தருகிறது. வீட்டுக்குப் போனால் பொள்ளாச்சியிலோ கோவையிலோ வாங்கிய விண்டோஸ் லேப்டாப். ஒரே பென்டிரைவ் காலையில் அங்கே, ராத்திரி இங்கே.

தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் போன மாதம் வந்தார். "தம்பி, ஸ்கூல்ல போட்டா ஒரு ஃபோல்டர் தெரியுது, வீட்டுல போட்டா வேற ஒண்ணு தெரியுது. ரெண்டையும் நான் போடலைங்க. அழிச்சாலும் மறுநாள் வந்து நிக்குது. வைரஸா?" என்றார்.

வைரஸ் இல்லை. பள்ளியில் தெரிந்தது 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்'. பென்டிரைவைச் செருகியதும் விண்டோஸ் தன் குறிப்புக்காக அதில் போட்டுக்கொள்ளும் ஃபோல்டர் அது. உள்ளே இருப்பவை ஒன்றிரண்டு குட்டி ஃபைல்கள்தான். விண்டோஸ் அதை ஒளித்து வைத்திருக்கும். ஆனால் அந்த ஒளிப்புக் குறியை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை, அதனால் பள்ளியில் பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் தெரிந்தது புள்ளியில் தொடங்கும் 'ட்ராஷ்-1000'. லினக்ஸில் பெயர் புள்ளியில் தொடங்கினால் மறைவு என்று வழக்கம். விண்டோஸுக்கு அந்த வழக்கம் தெரியாது. இரண்டும் தத்தம் வீட்டில் கண்ணில் படாமல் இருக்க, அடுத்த வீட்டில் வெளியே தெரிகின்றன.

அந்த 1000 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. லினக்ஸை நிறுவும்போது முதலில் உருவாக்கும் பயனருக்கு வழக்கமாக 1000 என்ற எண் கிடைக்கும். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் எல்லாப் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்த ஒரே பயனர் பெயரில்தான் நுழைகிறார்கள். எந்தப் பள்ளியிலிருந்து வந்த பென்டிரைவாக இருந்தாலும் அதே எண்ணைப் பார்க்கலாம்.

டீச்சருக்கு இன்னொரு குறையும் இருந்தது: எவ்வளவு அழித்தாலும் இடம் கூடவில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பென்டிரைவிலிருந்து எதை டெலீட் செய்தாலும் அது உடனே போய்விடாது. அதே பென்டிரைவுக்குள் இருக்கும் ட்ராஷ்-1000-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் அழித்ததாக நினைத்த வினாத்தாள்கள், விழா வீடியோக்கள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. தேவையானது எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பென்டிரைவ் செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். இடம் திரும்பிவிட்டது. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அழித்தாலும் தீங்கில்லை, ஆனால் அடுத்த முறை விண்டோஸில் செருகினால் மறுபடி முளைக்கும்.

அழியாத ஃபோல்டர் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன சொல்கிறது? "என்னமோ வருதுங்க, ஓகே குடுத்துட்டேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்தச் செய்தியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. அனுமதி இல்லை, வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது, இப்படி ஒரு பொருளே இல்லை, பெயர் நீளம், ஃபோல்டர் சிதைந்துவிட்டது — ஒவ்வொரு மறுப்புக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே 'ஃபோர்ஸ் டெலீட்' மென்பொருளைத் தேடி இறக்குவதால்தான் நல்ல கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போகின்றன.

அனுமதி விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகம் வருவது அதுதான். விண்டோஸின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் என்ற முறை 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்தது. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்ற பட்டியலும் உண்டு. பென்டிரைவில் இருக்கும் ஃபேட்32 என்ற முறையில் இந்த ஏற்பாடே கிடையாது. டீச்சரின் ஃபோல்டர்கள் சுலபமாக அழிந்ததும் அதனால்தான்.

கம்ப்யூட்டர் நம்முடையது, அட்மினிஸ்ட்ரேட்டரும் நாமே, அப்புறம் எதற்கு அனுமதி மறுக்கிறது? 2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சிஸ்டம் ஃபைல்களின் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டரிடம் இல்லை, 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற சேவையிடம் இருக்கிறது. அப்டேட் போடுவதும் எடுப்பதும் அதன் வேலை. நம் பெயரில் ஓடும் ஒரு வைரஸ் சிஸ்டம் ஃபைலை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது.

இன்னொரு வகை, பார்த்தவர்களைக் குழப்பிவிடும். ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். டி டிரைவில் பழைய ஃபோல்டர் இருக்கும். அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும். "என் பேருலதானுங்க இருந்துச்சு, இப்பவும் அதே பேருதான்." விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றைக் கொடுத்து, அந்த எண்ணைத்தான் உரிமையாளராக எழுதி வைக்கிறது. விண்டோஸை மறுபடி போட்டால் பெயர் அதே, எண் புதிது. பழைய எண்ணுக்கு ஆளே இல்லை. ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய்ப் பார்த்தால் ஓனர் இடத்தில் பெயர் இல்லாமல் அந்த எண் மட்டும் நிற்கும்.

எங்கள் பக்கம் இதை விளக்குவது சுலபம். இடம் வாங்கினால் பத்திரம் பதிந்தால் மட்டும் போதாது. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு செய்து தண்டப்பேர் நம் பெயருக்கு வரவேண்டும். தமிழ்நாட்டில் அதுவே பட்டா மாறுதல். ஃபோல்டருக்கும் அப்படித்தான். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு உரிமையை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் உண்டு, ஆனால் எடுத்துக்கொண்டதாக எழுத வேண்டும். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் ஓனரை மாற்றலாம். கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டேக்ஓன் என்ற கட்டளையிலும் செய்யலாம். உரிமை வந்த கையோடு அழித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பல நேரம் அப்போதும் மறுக்கும். உரிமையாளர் ஆன பிறகு, முழு அனுமதியைத் தனக்குத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு ஐகேக்ல்ஸ் என்ற கட்டளை. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயரில் ஃபோல்டர் வந்து நிற்பதும் இந்த வகைதான். மைக்ரோசாஃப்ட்டின் சில அப்டேட்கள் தங்களைப் பிரித்துப் போட, அதிக இடம் காலியாக இருக்கும் டிரைவைத் தேடிக்கொள்ளும். வேலை முடிந்ததும் தானே துடைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஏதாவது தடைபட்டால் மிச்சம் நின்றுவிடும். அப்டேட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, உரிமையை எடுத்து அழிக்கலாம்.

ஆனால் இந்த முறையை சி டிரைவ் முழுக்கப் போடக் கூடாது. ஒரு ஸ்டூடியோக்காரர் ஏதோ வீடியோவைப் பார்த்து அப்படிச் செய்துவிட்டு வந்தார். ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, அப்டேட் ஏறவில்லை. எந்த ஃபைல் யார் பெயரில் இருந்தது என்று பழையபடி எழுதி முடிக்க வழியில்லை. கல்யாண ஆல்பங்களைக் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது விண்டோஸ்.ஓல்ட் என்ற ஒரே ஒரு ஃபோல்டரை அழிப்பதுதான்.

அந்த விண்டோஸ்.ஓல்ட் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதையொட்டிப் பலர் 11-க்கு மாறினார்கள். மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் இந்த ஃபோல்டரில் போய் உட்காரும். பல ஜிபி பிடிக்கும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போவதற்காக வைத்திருக்கிறது. பத்து நாள் கழிந்ததும் விண்டோஸே எடுத்துவிடும். அதற்குள் இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், முந்தைய விண்டோஸ் நிறுவல் என்பதை டிக் செய்து நீக்கலாம். டிஸ்க் கிளீனப்பிலும் அதே வழி உண்டு. அதற்கு முன்னால் உள்ளே யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். புதிதாக நிறுவும்போது எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவர்களின் டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். டாலர் குறியில் தொடங்கும் விண்டோஸ் ஃபோல்டர்கள் சிலவும் அப்கிரேடின் மிச்சங்கள்தான். அவையும் இதே இடத்தில் போகும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் வேறு கதை. பெரிதாகத் தெரியும், கையை வைக்கக் கூடாது. அதில் உள்ள ஃபைல்களில் பல, விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பவற்றுக்கே இன்னொரு பெயர். எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணுவதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

காலி ஃபோல்டர் என்பதால் அழித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஐநெட்பப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 8-ல் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய சி டிரைவில் இந்தப் பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று முளைத்தது. அது வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்கான பெயர். நம் வீட்டில் வெப் சர்வர் ஏது? பலர் அழித்தார்கள். அப்புறம்தான் மைக்ரோசாஃப்ட் விளக்கியது: அது சிவிஇ-2025-21204 என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தின் பகுதி, வெப் சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழிக்காதீர்கள். ஒரு லிங்க்கைக் காட்டி சிஸ்டத்தை வேறு இடத்துக்கு இழுத்துப்போகும் வகை ஓட்டை அது. எல்லைக்கல் மாதிரி, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அது நிற்பதுதான் வேலை. அழித்தவர்கள் கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய், இன்டர்நெட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸை ஒரு முறை ஆன் செய்தால் ஃபோல்டர் சரியான உரிமையோடு திரும்பி வரும். பிறகு அதை ஆஃப் செய்துவிடலாம். வெறுமனே ரைட் கிளிக் செய்து புது ஃபோல்டர் போட்டால் உரிமையாளர் நாமாகிவிடுவோம், அது உதவாது.

சி டிரைவில் மறைவாக இருக்கும் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' உண்மையில் ஃபோல்டரே அல்ல. பழைய மென்பொருள்கள் அந்த முகவரியைத் தேடி வந்தால் யூசர்ஸுக்குத் திருப்பிவிடும் கைகாட்டி. திறக்காது, திறக்கவும் வேண்டாம்.

திறந்திருக்கிறது என்ற மறுப்பில் கொஞ்சம் பொறுமை போதும். எந்த புரோகிராம் என்று தெரியாவிட்டால் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்தில் ஃபோல்டர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பைப் போட்டிருந்தால் ரைட் கிளிக்கிலேயே ஃபைல் லாக்ஸ்மித் காட்டிவிடும். சில நேரம் டெலீட் கொடுத்த ஃபோல்டர் அப்படியே நிற்கும், திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும், ஓனரைக்கூடக் காட்டாது. விண்டோஸ் அதை ஏற்கெனவே அழிக்கக் குறித்துவிட்டது. யாரோ பிடித்திருக்கும் கையை விட்டதும் அது போய்விடும். ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள், இருக்காது.

பெயரால் வரும் சிக்கல்களில் பிரபலமானது 'கான்'. சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தில் ஃபோல்டர் போட முடியாது, மைக்ரோசாஃப்ட்டுக்கே காரணம் தெரியாது என்று ஒரு காலத்தில் மெயில் மெயிலாகச் சுற்றியது. காரணம் நன்றாகத் தெரிந்த ஒன்று. விண்டோஸுக்கு முன்னால் இருந்த டாஸ் என்ற இயங்குதளத்தில் ஆரம்ப காலத்தில் ஃபோல்டர்களே கிடையாது. கீபோர்டையும் திரையையும் சேர்த்துக் கான் என்றும் பிரிண்டரைப் பிஆர்என் என்றும் ஃபைல் போலவே பெயர் சொல்லி அழைத்தார்கள். 1983-ல் டாஸ் 2.0-வில் ஃபோல்டர் வந்தபோது, பழைய புரோகிராம்கள் ஓட வேண்டும் என்பதற்காக அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டருக்குள்ளும் செல்லும் என்று வைத்தார்கள். இன்றும் அது தொடர்கிறது. லினக்ஸுக்கு இந்தத் தடை இல்லை. பள்ளியில் ஒரு பையன் பென்டிரைவில் அந்தப் பெயரில் ஃபோல்டர் போட்டு வந்தால் வீட்டு விண்டோஸில் அதை அழிக்க முடியாது. பெயரின் கடைசியில் ஸ்பேஸோ புள்ளியோ இருந்தாலும் அப்படித்தான்: விண்டோஸ் அதை வெட்டிவிட்டுத் தேடும், இப்படி ஒரு பொருளே இல்லை என்று சொல்லும், கண் முன்னால் அது இருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் முழு முகவரிக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, இன்னொரு பின்சாய்கோடு சேர்த்து, ஃபோல்டரை அழிக்கும் ஆர்டி கட்டளை கொடுத்தால் விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு அழிக்கும். பள்ளிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால் அங்கேயே அழித்துவிடுவது இன்னும் சுலபம்.

தமிழில் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. விண்டோஸின் பழைய வரம்பு, டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை மொத்தம் 260. கொழிஞ்சாம்பாறை என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது பதினான்கு, ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டே போனால் வரம்பு சீக்கிரம் முட்டும், பெயர் நீளம் என்று அழிக்க மறுக்கும். மேலே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை ஒன்று, இரண்டு என்று சுருக்கிவிட்டு அழித்தால் போகும். தமிழில் பெயர் வைப்பதை இதற்காக யாரும் விட வேண்டாம்.

இனிச் சொல்வது அழிக்கவே கூடாத ஒன்று. ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் போட்டு வாங்கியிருப்பார்கள். வந்து பார்த்தால் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஒளிந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் பெயரே இல்லாத ஃபோல்டர் ஒன்று தெரியும். அதுதான் வைரஸ் என்று நினைத்து எப்படியாவது அழித்துக் கொடுங்கள் என்பார்கள். போன வருஷம் ஒரு மாணவி அப்படி வந்தபோது, "பாப்பா, உன் ப்ராஜெக்ட் இதுக்குள்ளதான் இருக்கு" என்று திறந்து காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் எழுத்தைப் பெயராக வைத்து, உண்மையான ஃபைல்களை எல்லாம் அதற்குள் தள்ளி, சிஸ்டம் ஃபோல்டர் போல வேஷம் போட்டிருக்கிறது அந்த வைரஸ். அழிக்க வேண்டியவை வெளியே தெரியும் ஷார்ட்கட்களும், ஸ்கிரிப்ட் ஃபைல் ஏதாவது இருந்தால் அதுவும். ஆன்டிவைரஸை ஓட்டிவிட்டு, அட்ரிப் கட்டளையில் மறைப்பையும் சிஸ்டம் குறியையும் எடுத்தால் ஃபோல்டர் சாதாரணமாகிவிடும். பெயர் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால் அழிக்கும் முயற்சியை அங்கேயே நிறுத்துங்கள். பெயர்கள் கிறுக்கலாகத் தெரிவதும் அதன் அறிகுறி. முதலில் எடுக்க முடிந்ததை எல்லாம் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும், பிறகுதான் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்ட வேண்டும். செக்டிஸ்க் சரிசெய்யும்போது அறுந்துபோன துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கும். லினக்ஸில் அதே வேலைக்கு லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டர் முன்கூட்டியே இருக்கும். காலியாக இருந்தாலும் அதை அழிக்கக் கூடாது.

எல்லாம் பார்த்த பிறகும், இது வேண்டாத ஃபோல்டர்தான் என்று உறுதியாகத் தெரிந்தும் போகவில்லையென்றால், லினக்ஸ் இருக்கும் பென்டிரைவில் கம்ப்யூட்டரைப் பூட் செய்து அழிப்பேன். அங்கிருந்து பார்க்கும்போது விண்டோஸின் உரிமையாளர் பட்டியல் வழக்கமாக நடைமுறைக்கு வராது, எதையும் அழிக்கும். கை தவறினால் விண்டோஸையே அழிக்கும் என்பதால் பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் டெலீட் தொடுவேன். டிரைவைப் படிக்க மட்டும்தான் முடிகிறது, எழுத முடியவில்லை என்று வந்தால் டிரைவ் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கம்ப்யூட்டரை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கும். அதனால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. விண்டோஸுக்குத் திரும்பிப் போய், ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். டிரைவையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கும் லேப்டாப் என்றால் அதன் ரெகவரி கீயையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். அது இல்லாமல் லினக்ஸிலிருந்து அந்த டிரைவை வழக்கமாகத் திறக்க முடியாது.